பதினொரு மணிக் கோடு

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டுக்காரரோ ஒரு நொடியைப் பத்தாகப் பிளந்து எழுதுகிறவர். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் நடந்தது வேறாகிவிடும் என்பார். அதனால் நேரங்களை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். மற்றதில் பிசகு இருந்தால் அது என் மனசின் பிசகு. அந்த மனசைப் பற்றித்தான் இந்தக் கதையே.

ஊசிப்பாறை மலையில் பூமி அதிர்வை அளக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அதில் இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் ஆசீருக்கு வேலை. எங்கள் குவார்ட்டர்ஸ் அடுப்படிச் சுவருக்குப் பின்னால் பாறையைக் குடைந்த ஓர் அறை. அதற்குள் ஒரு உருளை, உருளையில் சுற்றிய தாள், தாளின் மேல் ஒரு பேனா. பூமி எங்கே அசைந்தாலும், அது கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தேசமாக இருந்தாலும், பேனா நடுங்கும், தாளில் கோடு மேடாகும். தினம் காலை எட்டரைக்குத் தாளை மாற்ற வேண்டும். கழற்றிய தாளை மை காய்வதற்காக எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒரு மூலைக்கு வேதப்புத்தகமும் மறு மூலைக்கு லாகரிதம் புத்தகமும் பாரம் வைப்பார். தாள் மாற்றும் முன் உருளைமேல் கை வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபிப்பார். அப்படி ஜெபிக்காமல் அவர் தாள் மாற்றி நான் பார்த்ததில்லை.

அந்த ஆபீஸுக்காக நான் விட்டுக்கொடுத்தது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கித் தந்த கிரைண்டர். அதைப் போட்டால் பேனா பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும், அடியில் உண்மையான நடுக்கம் வந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அது பழைய சேலை சுற்றி மூலையில் நிற்கிறது. மாவு எனக்கு முத்துப்பேச்சி வீட்டிலிருந்து வரும். முத்துப்பேச்சி ஆபீஸ் கூட்டுகிறவள், சார் வீட்டு அம்மா என்பதைச் சுருக்கி என்னைச் சாரம்மா என்று கூப்பிடுகிறவள், எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸுக்கு விஞ்ஞானியாக டாக்டர் பியூலா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்கு மூன்றாவது குவார்ட்டர்ஸ். அவளும் உருளைமேல் கை வைத்து ஜெபிக்கிறவள். அவர் ஆங்கிலத்தில் பாதி சொன்னால் மீதியை அவள் சொல்லி முடிப்பாள். அவர் ஒரு வசனத்தின் முதல் வார்த்தையைச் சொன்னால் அதன் அதிகாரத்தையும் எண்ணையும் அவள் சொல்வாள். நான் குடும்ப ஜெபத்தில் வசனம் சொன்னால் "அது எரேமியா இல்லை ரூபா, எசேக்கியேல்" என்று திருத்துகிற மனுஷர், அவள் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். தப்பாக ஒரு பார்வை அவர்களுக்குள் இருந்ததில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி கண்ணை மூடினார்கள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை, எட்டு இருபத்தொன்பதுக்கு, அவர் உருளைமேல் கை வைத்துக் கண்ணை மூடியபோது பேனா ஒரு சின்ன மேடு போட்டது. லாரி போனதா என்று பார்த்தார், போகவில்லை. மாடு உரசியதா என்று பார்த்தார், மாடில்லை. மறுநாளும் போட்டது. மூன்றாம் நாள் பியூலா கண்ணை மூடினாள், அவளுக்கும் போட்டது. குறிப்பேட்டில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு வந்து கஞ்சி குடித்தார்.

"என்ன அத்தான், ஜெபத்துக்கா பேனா ஆடுது?"

"ஆடுது. பதிவாகுது. பதிவானதை எழுதுதேன். ஏன்னு கேக்கது அதுக்கு அடுத்த வேலை."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எனக்கு எதுக்கு ரூபா பயம்? ஜெபம், கருவி ரெண்டும் ஒரே வீடுன்னு நான் எப்பவும் சொல்லுதவன்தானே."

"ஆமென் சார்" என்று வாசலிலிருந்து பியூலா சொன்னாள். நான் சொல்ல வாயெடுத்த வார்த்தை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை போல என்னையும் ஜெபிக்கச் சொன்னார். நான் உருளைக்கு முன் முழங்கால் போட்டு, அம்மா சொல்லித் தந்த ஜெபத்தை முழுசாகச் சொன்னேன். ஆனால் கண்ணை முழுசாக மூடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தாளைக் குனிந்து பார்க்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கோடு பென்சில் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. "கருவியில கோளாறா இருக்கும்" என்றார் அவர். பியூலா என்னை எழுப்பக் கை நீட்டினாள். அந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

முத்துப்பேச்சி மூலம் ஊருக்குத் தெரிந்தது. ஊர் ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை, வரிசையில் நின்றது. அரசாங்க அறைக்குள் ஆளை விடமுடியாது, எங்கே இருந்து வேண்டினாலும் பதியும், நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள் என்று அவர் சொன்னதும் ஊரிலுள்ள பழைய கைக்கடிகாரமெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஒன்றுக்கொன்று ஏழு நிமிஷம் எட்டு நிமிஷம் வித்தியாசமாக ஓடிக்கொண்டிருந்த மாரியம்மன் கோவில் கடிகாரமும் பள்ளிவாசல் கடிகாரமும் எங்கள் சர்ச் கடிகாரமும் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து ஒரே நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன. பூண்டு உரிக்கிற பெண்கள் உரித்தபடியே பத்து நாற்பதுக்கு வேண்டினார்கள், பஸ் டிரைவர் மூன்றாம் வளைவில் இரண்டு பதினைந்துக்கு வேண்டினார், மறுநாள் காலையில் முத்துப்பேச்சி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி தெருவில் நடந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"நேத்து பத்து நாப்பதுக்கு யாரு? நல்லா எந்திரிச்சு நிக்குது! நாலே கால் யாரு? அது யாரா இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மனசு வச்சு வேண்டணும், சொல்லிப்புட்டேன்!"

கறிக்கடை காதர் பாயின் கோடு எங்கள் சர்ச் ஐயரின் கோட்டைவிட உயரம் என்று தெரிந்ததும் ஐயர் பல்வலி என்று ஒரு வாரம் லீவு போட்டார். பூசாரி, தனக்கு நேரம் குறிக்கும் பழக்கமே இல்லை என்றார். மாமியார்கள் மருமகள்களின் நேரத்தை விசாரித்தார்கள். சாமியே இல்லை என்று முப்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை போடுகிற தையல்காரர் அறிவழகன், சாயந்திரம் ஐந்து மணிக்குக் கடை வாசலில் சும்மா உட்காருகிற அந்தப் பத்து நிமிஷமும் தாளில் அழகான சின்ன அலையாக வந்துகொண்டிருந்தது.

"என்ன அறிவு, ரகசியமா கும்பிடுறியா?" என்று காதர் பாய் கேட்டாராம்.

"அது என் பிரஷர்யா. நீ கறியை வெட்டு."

"பிரஷர் இவ்வளவு அழகா வருமா?"

"இங்கிலீஷ் மாத்திரை, அப்படித்தான் வரும்."

கீழே பட்டணத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து தாளைப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மற்றவர் கழற்றாமல் பார்த்தார், இரண்டு பேரும் சேர்ந்து "உள்ளூர் அதிர்வு" என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆவணி பிறப்பதற்குள் ஊர் பழகிவிட்டது. மழை பெய்தால் குடை எடுப்பது போல, வேண்டினால் நேரம் குறிப்பது என்றாகிவிட்டது.

அப்போதுதான் பதினொரு மணிக் கோடு வந்தது.

திங்கள் முதல் வெள்ளிவரை பியூலா அணைக்கட்டில் இருக்கிற இன்னொரு கருவியைப் பார்க்கப் போவாள். பதினாறு கிலோமீட்டர். காலை பத்திலிருந்து ஒன்றுவரை அங்கேதான். பதினோரு மணிக்கு அங்கே கண்ணை மூடுவது அவள் வழக்கம். அந்த நேரத்தில் தாளில் ஒரு சின்ன மேடு இருப்பதை அவர் கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, "இது அணையிலிருந்து வருது, நம்ம பியூலா" என்று சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மலை பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர் சொல்வதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அதிர்வு இரண்டு காலால் வரும்: முதல் கால் வேகம், சின்னது; இரண்டாம் கால் மெதுவு, பெரிது. மின்னலும் இடியும் போல. இரண்டுக்கும் நடுவே தாளில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் எட்டு கிலோமீட்டர் தூரம், இரண்டு என்றால் பதினாறு. இடைவெளியே இல்லையென்றால் அது நம் காலடியில்.

நம்ம பியூலா என்றார். அன்றிலிருந்து பதினோரு மணிக்கு நானும் அடுப்படியில் உட்கார்ந்தேன். கண்ணை முழுசாக மூடினேன். ஆண்டவரே, இவள் இந்த மலையைவிட்டுப் போகட்டும். இவள் இங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஜெபம். வெங்காயம் நறுக்கிய கையோடு, கண்ணில் எரிச்சலோடு, தினம், தினம், அதையே.

அன்றிலிருந்து அந்தக் கோடு வளர்ந்தது. முதல் வாரம் ஒரு விரல் உயரம், இரண்டாம் வாரம் நாலு விரல், மூன்றாம் வாரம் பேனா தாளின் ஓரத்தைத் தாண்டி உருளையில் தட்டி முனை உடைந்தது. ஊரே கொண்டாடியது. பதினோரு மணிக்குத் தேங்காய் உடைத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பிள்ளைகளின் தலையில் அந்த நிமிஷம் எண்ணெய் வைத்தார்கள். சந்தையில் பியூலாவுக்குக் கேரட் காசில்லாமல் கிடைத்தது. "அது நான் இல்லைங்க" என்று அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல, என்ன தாழ்மை பாருங்கள் என்று இன்னும் கும்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் தாளைத் தடவிப் பார்த்து, "இப்படி ஒரு ஜெபத்தை நான் பார்த்ததில்லை ரூபா" என்று மெல்லச் சொன்னார். மறுநாள் இன்னும் பலமாக ஜெபித்தேன்.

என் அடுப்புக்குப் பின்னால் சுவரில் தலைமுடி போல ஒரு கீறல் விட்டிருந்தது. மழை என்று நினைத்தேன். அது சுவரை இறங்கி, முற்றத்தைக் கடந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாசலை ஒட்டி ஓடி, பியூலாவின் சுவரில் ஏறியது. பிள்ளைகள் தினம் சாக்கட்டியால் அது எவ்வளவு போயிருக்கிறது என்று கோடு போட்டார்கள். பியூலா வீட்டில் தொடங்கி எங்கள் வீட்டை ஆசீர்வதிக்க வருகிறது என்று ஊர் சொன்னது. அதற்கும் குங்குமம் வைத்தார்கள். அது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு புதன்கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். காலையிலிருந்து மத்தியானம்வரை நினைவில்லாமல் தூங்கினேன். மறுநாள் மேசையில் விரித்த தாளில் பதினோரு மணிக்குப் பெரிய கோடு இல்லை. ஒரு சின்ன மேடு மட்டும், ரவிக்கை நூல் அளவு. அவர் குளிக்கப் போயிருந்தார். அவருடைய ஸ்கேலை எடுத்தேன். சின்ன மேட்டுக்கு இரண்டு கால், நடுவே இரண்டு மில்லிமீட்டர். அணை. பரணில் ஏறி முந்தின வாரத்துத் தாள்களை எடுத்தேன். பெரிய கோடுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். இடைவெளி இல்லை. எதிலும் இல்லை. அந்த இரண்டு காலும் ஒட்டிப் பிறந்தவை.

என்னால் நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே பதினொன்று இருபதுக்கு ஜெபித்தேன். சனிக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்கு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து மூன்று மணிக்கு. டாக்டரம்மா நேரத்தை மாற்றிப் பார்க்கிறார் என்றது ஊர். நான் தாள் மூன்றையும் பார்த்தேன். பதினொன்று இருபது, பன்னிரண்டு ஐந்து, மூன்று. மலையையே ஆட்டிய அந்தக் கோடு என்னுடையது. இந்த ஊரிலேயே பெரிய ஜெபம் என்னுடையது, அது ஒரு பெண்ணைத் துரத்தச் சொல்லிக் கேட்டது.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. பிறகுதான் பயம் வந்தது.

நிறுத்தப் பார்த்தேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பாட்டுப் பாடினேன், துணி துவைத்தேன், வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நடுவில் அந்த ஜெபம் தானாகப் புகுந்து தானாக முடிந்தது. கூரையில் ஓடு குலுங்கியது.

அந்தச் சனிக்கிழமை பியூலா வீட்டுக்கு வந்தாள். அவர் அறைக்குள் பேனா மாற்றிக்கொண்டிருந்தார். அவள் நேராக அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே இரண்டாக உடைந்த ஒரு கண்ணாடித் துண்டு.

"கீறலுக்குக் குறுக்கே ஒட்டி வச்சிருந்தேன் அக்கா. கீறல் நகர்ந்தா கண்ணாடி உடையும், அதுக்காக. நேத்து நான் அணைக்குப் போயிருந்தப்ப உடைஞ்சிருக்கு, தாள்ல பதினொண்ணு ரெண்டுக்குப் பெரிய கோடு. கூரை உத்தரம் ஒரு விரல் இறங்கிட்டு. நான் படுக்குத இடத்துக்கு நேர் மேல."

நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"என் கோடு சின்னதுதான் அக்கா. அளந்து பாத்துட்டேன். பெரிசு வேற யாரோடதோ. யாருக்கோ என்மேல மனசு ஆறலை."

"சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சார் முதல் நாள் அளந்ததோட சரி. திரும்ப அளக்கலை. அவங்க பிள்ளைகளுக்குச் சொல்லுத முதல் பாடமே அதுதான், அளந்ததை மறுபடி அளன்னு. நானும் சொல்லலை. ஆனா கேட்டாங்கன்னா சொல்லிருவேன் அக்கா. தாள்லயும் பொய் எழுதக் கூடாது, ஜெபத்துலயும் கூடாது."

"வீட்டை மாத்திக்கிட வேண்டியதுதானே டாக்டரம்மா? இந்த மலையையே விட்டு..."

"மாத்தல் கேட்டா உடனே கிடைக்கும். கேக்க மனசில்லை. இங்கதான் எனக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு." கண்ணாடித் துண்டுகளை மறுபடி மடித்தாள். பிறகு என் சுவரை, அடுப்புக்குப் பின்னால் கீறல் தொடங்குகிற இடத்தை, ஒரே ஒரு தடவை பார்த்தாள். "எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க அக்கா. நீங்க பண்ணினா கேக்கும்."

அவள் போன பிறகு மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன். உத்தரம் இறங்கினால் அவள் செத்துப்போவாள். அவர் ஒரு தடவை ஸ்கேலை எடுத்தால் நான் செத்துப்போவேன். வரிசையில் நின்ற ஊர், தேங்காய் உடைத்த ஊர், முத்துப்பேச்சி விளக்குமாற்றோடு தெருவில் நின்று என்ன சொல்வாள்! இருபத்திரண்டு வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷர் என்னை எப்படிப் பார்ப்பார்!

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு மூலையிலிருந்த கிரைண்டரின் சேலையை அவிழ்த்தேன். என் அப்பாவின் பெயர் பொறித்த தகடு பளபளப்பாக இருந்தது. அரிசியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் பொத்தானைப் போட்டேன். வீடு முழுக்கக் கடகடவென்றது. பாத்திரம் ஆடியது. அதன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வழக்கமான ஜெபம் வந்தது. வரவிட்டேன். அது முடிந்ததும் அதே பலத்தோடு, அதே எரிச்சலோடு சொன்னேன்: ஆண்டவரே, நான் இப்போது கேட்டதைக் கொடுக்காதேயும்.

அவர் அறையிலிருந்து ஓடிவந்தார். வாசலில் நின்று கிரைண்டரைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு அத்தான்" என்றேன், சத்தத்துக்கு மேலே. "இனிமே எனக்கு முத்துப்பேச்சி வீட்டு மாவு வேண்டாம். நான் தினம் இந்நேரம் ஆட்டப்போறேன்."

சட்டைப் பையில் அவருடைய ஸ்கேல் இருந்தது. அதை எடுத்தார். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை விரலால் தடவினார். பரணைப் பார்த்தார். நான் கலைத்துப்போட்ட தாள்கள் அங்கே சரியாகச் சுருட்டாமல் கிடந்தன. அடுப்புக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். பிறகு ஸ்கேலைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆட்டு ரூபா" என்றார். "நான் ஓரத்துல எழுதிக்கிடுதேன்."

பெரிய கோடு நின்றுவிட்டது என்று ஊர் ஒரு வாரம் வருத்தப்பட்டது. டாக்டரம்மாவின் வேண்டுதல் பலித்திருக்கும், அதுதான் நிறுத்திவிட்டார் என்று முத்துப்பேச்சி சொன்னாள், ஊரும் ஒப்புக்கொண்டது. மாவு எங்களுக்கு மிஞ்சுகிறது. தெருவுக்கே கொடுக்கிறேன். ஐயருக்கு, காதர் பாய்க்கு, கறுப்புச் சட்டைக்காரருக்கு. மூன்றாவது குவார்ட்டர்ஸுக்கு மாவுத் தூக்குவாளியை நானே எடுத்துப் போகிறேன். அவள் பாத்திரம் கழுவி வருவதற்குள் சுவரில் புதிதாக ஒட்டியிருக்கிற கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். நாற்பத்தோரு நாளாக உடையவில்லை.

இன்று காலையும் தாள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. பத்து ஐம்பத்தொன்பதிலிருந்து பதினொன்று இருபதுவரை கறுப்பாக, அடர்த்தியாக, ஒன்றும் படிக்க முடியாத கிறுக்கல். அதன் ஓரத்தில் அவருடைய சின்ன எழுத்தில், தினம் எழுதுவது போலவே, எழுதியிருந்தது: மாவு ஆட்டுதல்.